பழைய பைக்கில் கியர் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி, எதை மாற்றினால் பலன்

பழைய பைக்கில் கியர் சரியாக விழவில்லை என்றதும் பலரும் முதலில் தேடுவது புது லிவர், புது லிங்க் ராடு, அல்லது 'ஷார்ட் ஷிஃப்ட்' என்று விற்கிற செட். வாங்கிப் போட்ட பிறகும் கோளாறு போகாது. பழுது கிளட்ச்சில் இருந்திருக்கும், அல்லது கவருக்கு உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்கில். பாகம் வாங்குவதற்கு முன்னால் எந்த இடம் தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அறிகுறியே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காலின் அசைவு போகும் வழி

லிவரை அழுத்தும்போது அந்த அசைவு லிங்க் ராடு வழியாக கியர் ஷாஃப்டுக்குப் போகிறது. சில பைக்குகளில் ராடு கிடையாது, லிவர் நேராக ஷாஃப்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஷாஃப்டின் உள்முனையில் கொக்கி மாதிரி ஒரு கை உண்டு. அது கியர் டிரம் என்கிற உருளையின் முனையில் இருக்கும் ஊசிகளில் ஒன்றைப் பிடித்து, டிரம்மை ஒரு படி சுழற்றும். டிரம்மில் வெட்டப்பட்ட பள்ளங்களில் ஃபோர்க்குகள், அதாவது கியரைப் பிடித்து நகர்த்தும் கவைகள், ஓடுகின்றன. ஃபோர்க் கியரை நகர்த்த, கியரின் பக்கவாட்டில் இருக்கும் டாக் பற்கள் அடுத்த கியரோடு கோத்துக்கொள்ளும்.

இதில் இரண்டு ஸ்பிரிங்குகள் முக்கியம். ஒன்று, லிவரை நடு நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் ஸ்பிரிங். இன்னொன்று, டிரம்மின் முனையில் இருக்கும் ஸ்டார் தகட்டின் குழியில் ஒரு ரோலரை அழுத்திப் பிடித்து, போட்ட கியர் நழுவாமல் காக்கும் ஸ்டாப்பர் ஸ்பிரிங். கியர் மாற்றும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் சுற்றியே நடக்கும் என்பது என் கணிப்பு.

லிவர் ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்புவது நமக்கு இன்று சாதாரணமாகத் தெரிகிறது. ஆரம்பக் காலத்தில் கையால் இழுக்கும் கியர்தான். லிவர் எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவே கியர். ஒரு அழுத்துக்கு ஒரு கியர் என்கிற கால் கியரை 1920களின் கடைசியில் வெலோசெட் நிறுவனத்தின் ஹெரால்டு வில்லிஸ் கொண்டுவந்தார். இன்றுவரை அடிப்படை அதுதான்.

வேலையை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பது: லிவர், ராடு, ஸ்ப்லைன் (ஷாஃப்டில் லிவர் கோக்கும் பல் வரிசை), கிளட்ச் கேபிள். இதற்கு ஸ்பேனர் போதும். கிளட்ச் கவருக்குள் இருப்பது: ஷாஃப்ட், ஸ்பிரிங்குகள், ஸ்டார், கிளட்ச் தட்டுகள். இதற்கு ஆயிலை வடித்து, கேஸ்கெட் மாற்ற வேண்டும். கடைசியாக என்ஜின் கேஸுக்கு உள்ளே இருப்பது: டிரம், ஃபோர்க், டாக் பற்கள். இதற்குப் பெரும்பாலான பைக்குகளில் என்ஜினையே இறக்க வேண்டும். முதல் அடுக்கைத் தீர விசாரிக்காமல் இரண்டாவதற்குப் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை

என்ஜினை அணைத்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தை ஒரு கையால் மெதுவாக முன்னும் பின்னும் சுழற்றியபடி எல்லா கியரையும் கையால் போட்டுப் பாருங்கள். சக்கரத்தைச் சுழற்றுவது அவசியம். டாக் பற்கள் நேருக்கு நேர் முட்டி நின்றால் நல்ல கியர்பாக்ஸிலும் கியர் விழாது. நின்ற வண்டியில் இரண்டாவது கியர் விழவில்லை என்பதெல்லாம் பழுதே இல்லை.

இந்தச் சோதனையில் எல்லா கியரும் ஒழுங்காக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் அடம் பிடித்தால், சந்தேகம் கிளட்ச் மேல். என்ஜின் அணைந்திருக்கும்போதும் அதே முரண்டு என்றால் கியர் அமைப்பு மேல். இந்த ஒரு பிரிப்பு பல தேவையற்ற செலவுகளை நிறுத்திவிடும்.

லிவர் நகர்கிறது, கியர் நகரவில்லை

ஷாஃப்டின் ஸ்ப்லைன் பற்கள் மேலும் லிவரின் கழுத்து மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். லிவரை அழுத்துங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் பல் தேய்ந்து வழுக்குகிறது என்று பொருள்.

லிவரை இறுக்கும் போல்ட்டைக் கவனியுங்கள். லிவரின் பிளவு முழுக்க மூடி, இரண்டு உதடுகளும் ஒட்டிக்கொண்டிருந்தால், இனி எவ்வளவு இறுக்கினாலும் ஷாஃப்ட் மேல் பிடி ஏறாது. பிளவை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்துவது வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். வழக்கமாக அங்கே இருப்பது எம்6 போல்ட். சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அதற்கு மேல் முறுக்கினால் அலுமினிய லிவரில் மரை போய்விடும்.

சரி, லிவரை ஷாஃப்டோடு சேர்த்து வெல்டு வைத்துவிட்டால்? வேண்டாம். சூட்டில் உள்ளிருக்கும் ஆயில் சீல் கருகும். பிறகு கவரைக் கழற்ற நினைக்கும் அன்று லிவரை அறுக்க வேண்டியிருக்கும். ஷாஃப்டின் பல் நன்றாக இருந்தால் புது இரும்பு லிவர் மட்டும் போதும். ஷாஃப்டின் பல்லும் தேய்ந்திருந்தால் புது லிவரும் கொஞ்ச நாளில் அதே கதிக்கு வரும், ஷாஃப்டையே மாற்றுங்கள். அதை மாற்றும்போது ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் சீலையும் சேர்த்தே புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

கியர் விழுகிறது, ஆனால் லிவர் தொளதொளவென்று ஆடுகிறது

மேம்படுத்தினால் உடனே பலன் தெரியும் இடம் இதுதான்.

ஷாஃப்டின் வெளிமுனையில் ராடு சேரும் சின்னக் கையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் லிவரை மேலும் கீழும் ஆட்டுங்கள். லிவர் நுனியில் தெரியும் ஆட்டம் முழுவதும் வெளியே இருக்கும் பாகங்களின் தேய்மானம். லிவர் சுற்றும் புஷ், ராடின் இரண்டு முனையிலும் இருக்கும் பால் ஜாயின்ட்டுகள், இந்த மூன்றில்தான் அது ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் என்றாலும் எல்லாம் கூடி, காலுக்கு நிறையத் தெரியும். கியர் பாதி விழுந்து பாதியில் நிற்பதற்கு இதுவே ஒரு காரணம்: கால் முழுத் தூரம் போனாலும் ஷாஃப்ட் முழுத் தூரம் போவதில்லை.

தேய்ந்த பால் ஜாயின்ட்டுகளுக்குப் பதிலாக ரோஸ் ஜாயின்ட் (வளையத்துக்குள் துளையிட்ட உருண்டை சுழலும் இணைப்பு) போடலாம். கவனிக்க வேண்டியவை சில. ராடின் ஒரு முனை வழக்கமான மரை, மறுமுனை இடது மரை. ராடைச் சுழற்றினால் நீளம் கூடவோ குறையவோ வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே ஒரு வலது, ஒரு இடது என்று வாங்குங்கள், லாக் நட்டும் அப்படியே. மரை ராடுக்குள் குறைந்தது அதன் விட்டத்தின் அளவு, முடிந்தால் ஒன்றரை மடங்கு, உள்ளே போயிருக்க வேண்டும். எம்6 என்றால் 6 முதல் 9 மி.மீ. வெளிப்பக்கம் ஜாயின்ட்டைவிட அகலமான ஒரு வாஷர் வையுங்கள். உருண்டை தேய்ந்து கழன்றாலும் ராடு போல்ட்டை விட்டு வெளியே வந்துவிடாது. ரோஸ் ஜாயின்ட்டுக்கு வழக்கமாக ரப்பர் உறை கிடையாது, சேறும் தண்ணீரும் நேராக உள்ளே போகும். மழையில் ஓட்டுபவர்கள் உறையோடு வரும் பழைய வகை பால் ஜாயின்ட்டையே புதிதாகப் போட்டுக்கொள்வது மேல் என்பது என் கருத்து.

அப்புறம் கோணம். லிவர் நடு நிலையில் இருக்கும்போது ராடும் ஷாஃப்டின் கையும் 90 டிகிரியில் சந்திக்க வேண்டும். மறுமுனையிலும் அப்படியே. கோணம் மிகவும் விலகினால் மேலே போகும் அசைவுக்கும் கீழே போகும் அசைவுக்கும் அளவு வேறாகும். கியர் ஏற்றும்போது சுலபம், இறக்கும்போது மட்டும் முரண்டு என்று புகார் வரும். உள்ளே ஒரு பழுதும் இருக்காது.

லிவர் தூரத்தைக் குறைக்க விரும்பினால் ஷாஃப்ட் பக்கக் கையின் நீளத்தைக் குறைப்பார்கள். ராடின் அதே அசைவுக்கு ஷாஃப்ட் அதிகம் சுழலும். கால் அசைவு குறையும், ஆனால் அழுத்தம் அதே விகிதத்தில் கூடும். ஏற்கெனவே கனமாக விழும் கியர்பாக்ஸில் இதைச் செய்தால் கால் வலிதான் மிச்சம்.

வலப்பக்க கியரை இடப்பக்கம் மாற்றிய வண்டிகளுக்கு இந்தப் பகுதி இரட்டிப்பாகப் பொருந்தும். அமெரிக்காவில் 1974 செப்டம்பருக்குப் பிறகு தயாரான பைக்குகளுக்கு இடது கால் கியர் கட்டாயம் என்றானதும், 1975இல் டிரையம்ஃப் போன்வில்லும் நார்ட்டன் கமாண்டோவும் என்ஜினுக்குக் குறுக்கே ஒரு ஷாஃப்டை ஓட்டி லிவரை இடப்பக்கம் கொண்டுவந்தன. பழைய நான்கு கியர் புல்லட்டுகளிலும் இதே மாதிரி வெளியே குறுக்கு ஷாஃப்ட் போட்டு மாற்றியவர்கள் உண்டு. குறுக்கு ஷாஃப்ட் என்றால் கூடுதலாக இரண்டு புஷ், இரண்டு இணைப்பு. ஒவ்வொன்றிலும் ஆட்டம் சேரும். அந்த வண்டிகளில் கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் குறுக்கு ஷாஃப்டின் புஷ்களை மாற்றிக் கிரீஸ் வையுங்கள்.

அழுத்திய லிவர் திரும்பி வரவில்லை

முதலில் ராடைக் கழற்றுங்கள், அல்லது லிவரை உருவி எடுங்கள். ஷாஃப்டை மட்டும் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பி விடுங்கள். சட்டென்று நடுவுக்கு வந்தால் உள்ளே நலம். வெளியே லிவர் புஷ் காய்ந்திருக்கிறது, அல்லது லிவர் வளைந்து கவரிலோ கால் மிதியிலோ உரசுகிறது. குதிகாலாலும் அழுத்தும் இரட்டை லிவர் என்றால் பின்பக்க நுனி மிதியின் ரப்பரில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

ஷாஃப்ட் மந்தமாக, இறுக்கமாக வந்தால் வளைந்திருக்கலாம். இடது பக்கம் விழுந்த வண்டிகளில் இது அதிகம். லிவரை நிமிர்த்திவிட்டு ஷாஃப்டை மறந்துவிடுவார்கள். சீலில் ஆயில் கசிவும் கூடவே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு பக்கம் திரும்பி வருகிறது, மறுபக்கம் செத்துக் கிடக்கிறது என்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங்கின் ஒரு கால் உடைந்திருக்கும். அல்லது அந்தக் கால்கள் இரண்டும் அணைத்துப் பிடிக்கும் 'பின்' என்கிற சின்னக் குச்சி, கேஸிலிருந்து தளர்ந்திருக்கும். கவரைத் திறந்ததும் முதலில் அந்தப் பின்னைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மரையுள்ள பின் என்றால் சுத்தம் செய்து, மரைப் பசை தடவி, கையேட்டில் சொன்ன இறுக்கத்தில் முறுக்குங்கள். அந்தப் பின் தளர்ந்த வண்டியில் புது ஸ்பிரிங் போட்டுப் பயனில்லை.

ஏற்றினால் விழுகிறது, இறக்கினால் விழவில்லை

ராடின் கோணம் சரி, லிவர் எங்கும் இடிக்கவில்லை, ஆனாலும் ஒரு திசையில் மட்டும் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. கொக்கிக் கை நடுவில் நிற்கவில்லை என்பதே இதன் பொருள். நடு நிலையில் கொக்கியின் இரண்டு பக்கமும் ஊசிகளுக்கு இடையே சம இடைவெளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகியிருந்தால், விலகிய பக்கம் ஊசியை எட்டாமல் போகும். பழைய யமஹா டூ ஸ்ட்ரோக் போன்ற சில என்ஜின்களில் ரிட்டர்ன் ஸ்பிரிங் அணைக்கும் அந்தப் 'பின்' மையம் விலகிய திருகாக இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சுழற்றி, இடைவெளியைச் சமமாக்கலாம். பழைய புல்லட்டின் நான்கு கியர் பெட்டியில் ரேச்செட்டை (படிப்படியாகத் திருப்பும் பல் அமைப்பை) நடுவில் நிறுத்த நகர்த்தக்கூடிய ஒரு தகடு உண்டு. இவற்றுக்கு எந்தப் பாகமும் வாங்க வேண்டாம்.

சரிசெய்யும் வசதியே இல்லாத என்ஜினில் இந்த அறிகுறி வந்தால் கொக்கியின் நுனியைப் பாருங்கள். கூர்மையான விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் ஷாஃப்டை மாற்றும் நேரம்.

போட்ட கியர் நழுவுகிறது, இரண்டு கியருக்கு இடையில் எதிலும் கோக்காமல் பொய் நியூட்ரல் விழுகிறது

இங்கேதான் நிதானம் தேவை. ஒரே புகாருக்கு இரண்டாவது அடுக்கிலும் மூன்றாவது அடுக்கிலும் காரணங்கள் உண்டு. தவறாக ஊகித்தால் ஒன்று வீண் செலவு, மற்றொன்று வீண் உழைப்பு.

எல்லா கியரிலும் அவ்வப்போது நழுவுகிறதா, ஒரே ஒரு கியரில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால் டிரம்மைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு சரியில்லை. ஸ்டாப்பர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும், ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும், ஸ்டார் தகட்டை டிரம்மோடு பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கும். கடைசியாகச் சொன்னதைப் பலர் பார்ப்பதே இல்லை. கவரைத் திறந்த பிறகு ஸ்டாரை விரலால் ஆட்டுங்கள். டிரம் அசையாமல் ஸ்டார் மட்டும் அசைந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். போல்ட்டைக் கழற்றி, ஆயில் பிசுக்கு போகத் துடைத்து, மரைப் பசையோடு இறுக்குங்கள்.

மேம்படுத்த நினைப்பவர்களுக்கு இரண்டாவது அடுக்கில் உருப்படியான வேலை இதுதான்: புது ஸ்பிரிங், புது ரோலர் கை, தேய்ந்திருந்தால் புது ஸ்டார். சில மாடல்களுக்கு ரோலருக்குப் பதில் பால் பேரிங் வைத்த கையும், குழிகளின் வடிவம் மாற்றிய ஸ்டாரும் கிடைக்கின்றன. கியர் விழுவது துல்லியமாகத் தெரியும். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் மிகக் கெட்டியானதாக மாற்றினால் ரோலர் குழியிலிருந்து ஏறவே அதிக விசை வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் காலில் அடிப்பது போல் இருக்கும்.

ஒரே கியரில் மட்டும், அதுவும் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் நழுவினால், பழுது கேஸுக்குள். டாக் பற்களின் விளிம்பு உருண்டுபோனால், சுமை ஏறும்போது அவை ஒன்றையொன்று வெளியே தள்ளும். பல்லின் ஒரு முகம் இழுக்கும்போதும் எதிர் முகம் வேகம் குறைக்கும்போதும் வேலை செய்வதால், எப்போது நழுவுகிறது என்பதை வைத்தே எந்த முகம் தேய்ந்தது என்று சொல்லலாம். இரண்டாவது கியரில் இது அதிகம். முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது நியூட்ரலைத் தாண்ட வேண்டும். அரைகுறையாக அழுத்துபவர்கள் கையில் அந்தப் பற்கள்தான் அடிவாங்கும். இதற்கு எந்த ஸ்பிரிங்கும் மருந்தல்ல.

கேஸைப் பிரித்தால் ஃபோர்க்கின் நுனியைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் உரசிச் சூடேறியிருக்கிறது. லிவர் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இதைச் செய்யும்; லேசான அழுத்தம் கூட ஃபோர்க்கைச் சுழலும் கியரின் பள்ளத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஃபோர்க் ஓடும் தண்டைக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

கியர் புதிதாகக் கிடைக்காத பழைய வண்டிக்கு அண்டர்கட் செய்வது ஒரு வழி. டாக் பல்லின் முகத்தைச் சில டிகிரி உட்சாய்வாகக் கடைந்துவிடுவார்கள். சுமை ஏற ஏற கியர்கள் வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கோக்கும் இரண்டு பக்கத்தையும் ஒரே கோணத்தில், எல்லாப் பற்களிலும் சமமாகக் கடைய வேண்டும். ஒரு பல் மட்டும் முன்னால் தொட்டால் மொத்தச் சுமையும் அதன் தலையில். கியர்பாக்ஸ் வேலை செய்து பழகிய கடைசல்காரரிடம் மட்டும் கொடுங்கள்.

சூடானதும் கனம், நின்றால் நியூட்ரல் கிடைக்கவில்லை

கிளட்ச். தொண்ணூறு சதவீதம் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை, ஆனால் நான் முதலில் கை வைப்பது இங்கேதான். பிடியை முழுக்க இழுத்தும் தட்டுகள் முழுக்கப் பிரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் டாக் பற்கள் மேல் சுமை நீங்காது. கியர் எப்படி நகரும்?

கிளட்ச் பிடியின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருக்க வேண்டும் என்று பல பழைய பைக்குகளின் கையேடுகள் சொல்லும். அதைவிட அதிகம் என்றால் முதலில் கேபிளைச் சரிசெய்யுங்கள். சரிசெய்த மறுநாளே மறுபடி தளர்ந்தால் கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கின்றன. பழைய ஜாவாவில் கியர் லிவரை அசைத்தாலே கிளட்ச்சும் விலகும்படி அமைப்பு உண்டு. அங்கே கிளட்ச் அட்ஜஸ்ட்மென்ட் விலகினால் அது கியர் கோளாறாகத்தான் வெளிப்படும்.

கேபிள் நன்றாக இருந்தும் இழுக்கிறது என்றால் கவரைத் திறக்க வேண்டும். இரும்புத் தட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.2, 0.3 மி.மீ.க்கு மேல் வளைவைப் பெரும்பாலான கையேடுகள் ஏற்பதில்லை. தட்டுகள் உட்கார்ந்திருக்கும் கிளட்ச் கூடையின் விரல்களில் அவை இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். தட்டு அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். ஆழமில்லாத பள்ளத்தை நுண்ணிய அரத்தால் தேய்த்துச் சமமாக்கலாம். ஆழமாகிவிட்டால் கூடையை மாற்றுங்கள்.

ஆயிலும் ஒரு காரணம். ஓட ஓடப் பற்களுக்கு இடையே நசுங்கி ஆயிலின் பிசுபிசுப்பு குறையும், கியர் கரடுமுரடாக விழும். புது ஆயில் ஊற்றியதும் வழுவழுப்பாவது அதனால்தான். கிளட்ச் ஆயிலில் ஊறும் என்ஜினுக்கு ஜாசோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று குறித்ததை ஊற்றுங்கள். கியர் வழுக்கிக்கொண்டு விழட்டும் என்று உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் தான் வழுக்கும்.

நியூட்ரலிலிருந்து முதல் கியர் போடும்போது மட்டும் 'டக்' என்று சத்தமா? ஓரளவு இயல்பு. ஐடிலிங் அதிகமாக இருந்தாலும் செயின் தொங்கினாலும் சத்தம் கூடும். இரவெல்லாம் நின்ற வண்டியில் தட்டுகள் ஒட்டிக்கொண்டு முதல் முறை உதைப்பதும் சாதாரணம். நியூட்ரல் விளக்கு பொய் சொன்னால் அது ஸ்விட்ச் அல்லது ஒயர், கியர் அமைப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஷாஃப்ட் ஓரம் ஆயில் கசிகிறது

சீலை மாற்றுங்கள். புது சீலை நுழைக்கும்போது ஸ்ப்லைன் பற்கள் மேல் மெல்லிய பிளாஸ்டிக் டேப் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் பற்களின் முனை சீலின் உதட்டைக் கிழித்துவிடும். மாற்றிய சீல் விரைவில் மறுபடி கசிந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது அது ஓடும் துளை அகன்றிருக்கிறது. நீண்டு வெளியே நிற்கும் ஷாஃப்டுகளுக்கு வெளிமுனையைத் தாங்கும் பேரிங் பிராக்கெட் சில மாடல்களுக்குக் கிடைக்கிறது. அது உண்மையிலேயே பலனுள்ள பாகம்: சீலும் பிழைக்கும், லிவரின் பக்கவாட்டு ஆட்டமும் போகும்.

புதுப் பாகம் போட்ட பிறகு வரும் கோளாறுகள்

கியர் வரிசை தலைகீழாகிவிட்டதா? ஷாஃப்டின் கை முன்பு கீழ்நோக்கி இருந்து, இப்போது மேல்நோக்கிப் பொருத்தியிருப்பீர்கள். ராடின் அதே தள்ளல் ஷாஃப்டை எதிர்த்திசையில் சுழற்றும். மிதியைப் பின்னுக்குத் தள்ளும் ரியர்செட் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பந்தயக்காரர்கள் வேண்டுமென்றே இப்படி வைத்துக்கொள்வார்கள். சாலையில், அதுவும் வண்டியை வேறொருவரும் எடுப்பார் என்றால், உடனே திருப்பி வையுங்கள். வேகத்தில் கியர் ஏற்றுவதாக நினைத்து இறக்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

லிவர் மிக உயரத்திலோ தாழ்விலோ நின்றால் ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளிப் போடுவதைவிட ராடின் நீளத்தை மாற்றுவதே நல்லது. பல் தள்ளிப் போட்டால் முன்னே சொன்ன 90 டிகிரி கெட்டுவிடும்.

கடைசி கியர் மட்டும் விழவில்லை என்றால், வண்டி மேல் பூட்ஸோடு உட்கார்ந்து லிவரின் முழு வீச்சையும் பாருங்கள். புது லிவர் என்ஜின் கவரிலோ ஸ்டாண்டிலோ ஒரு நூலளவு முன்பே இடித்து நிற்கும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு என்ஜின் ஆறியதும் லிவர் போல்ட், ராடின் இரண்டு லாக் நட், ரோஸ் ஜாயின்ட் போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். பெயின்ட் கோடு போட்டு வைத்திருந்தால் இன்னும் வசதி. லாக் நட் தளர்ந்தால் ராடு அதிர்விலேயே தானாகச் சுழன்று நீளம் மாறும். இதைப் பார்த்துவைத்தால், ஒருநாள் காலையில் கியர் விழாமல் நின்று மறுபடி என்ஜினைச் சந்தேகப்பட வேண்டியிருக்காது.